விசையும் எழுத்தும்: கணிப்பொறி மூலத்தைப் பொருள்கொள்ளும் முறை



விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதும் திரையில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. விசைதான் எழுத்தைத் தருகிறது என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. விசைப்பலகை தமிழும் அறியாது, ஆங்கிலமும் அறியாது. எந்த இடத்திலுள்ள விசை அழுந்தியது, எது விடுபட்டது என்பதை மட்டுமே அது அறியும். அச்செய்தி எழுத்தாக மாறுவது பின்னர் நிகழும் பொருள்கோளால் ஆகும். இவ்வுண்மையைக் கண்ணாரக் காண வாய்ப்பளிப்பது லினக்ஸ் இயங்குதளம்.

பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்சை வெளியிட்டார். கருவிகளையும் கோப்புகளாகவே காட்டும் யூனிக்ஸ் மரபைப் பின்பற்றியது அது. ஆதலின் விசைப்பலகை, சுட்டி, தொடுதிரை ஆகிய ஒவ்வோர் உள்ளீட்டுக் கருவியும் 'டெவ்' என்னும் அடைவினுள், 'இன்புட்' என்னும் உள்ளடைவில், 'ஈவென்ட்' என்ற பெயரும் ஓர் எண்ணும் தாங்கிய கோப்பாக நிற்கிறது. அக்கோப்பை எழுத்துக்கோப்பு எனக் கருதிப் படிக்கப் புகுந்தால் பொருளற்ற குறிகளே திரையில் சிதறும். படிக்கும் முறையறிந்தார்க்கே அது பொருள் தரும்.

அம்முறை யாது? இன்று பரவலாக உள்ள 64 பிட் கணிப்பொறிகளில் ஒவ்வொரு நிகழ்வும் 24 பைட் நீளமுள்ள ஒரு பதிவாகும். முதல் 8 பைட்டுகள் நொடிக்கணக்கு. அக்கணக்கு வழக்கமாக 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படுவது. அடுத்த 8 பைட்டுகள் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறான நுண்ணொடிக் கணக்கு. பின்வரும் 2 பைட்டுகள் நிகழ்வின் வகை. அடுத்த 2 பைட்டுகள் குறியெண். இறுதி 4 பைட்டுகள் மதிப்பு. பதிவினுள் 'இது காலம், இது வகை' என்ற பெயர்கள் எவையும் இல்லை. பெயர்களின் வரிசை வேறோரிடத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. மதிப்புகளின் வரிசை இங்கு உள்ளது. இரண்டையும் முறையே பொருத்திக் காண வேண்டும். நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் நிரனிறை என்பது இத்தகையதே என்பதைத் தமிழறிந்தோர் எளிதில் உணர்வர்.

வரிசை பிறழ்ந்தால் பொருளும் பிறழும். இன்டெல் வகைக் கணிப்பொறிகள் எண்ணின் சிறிய கூறை முன்னும் பெரிய கூறைப் பின்னுமாக எழுதுவன. இதனை அறியாது நேராகப் படிப்பவர்க்கு 35 என்னும் குறியெண் 8960 எனத் தோன்றும். மூலத்தில் பிழையில்லை, படித்த முறையில்தான் பிழை.

இனி, விசைக்கு வருவோம். விசை நிகழ்வின் வகையெண் 1. மதிப்பு 1 எனில் விசை அழுந்தியது. 0 எனில் விடுபட்டது. 2 எனில் அழுத்தியபடியே இருப்பதால் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. குறியெண்கள் பெரும்பாலும் விசை அமைந்துள்ள இடத்தைப் பின்பற்றியவை. ஆங்கில எழுத்து வரிசைகளுள் மேல்வரிசை 16 முதல் 25 வரையும், நடுவரிசை 30 முதல் 38 வரையும், கீழ்வரிசை 44 முதல் 50 வரையும் எண் பெறுகின்றன. ஆங்கில அகரவரிசைக்கும் இவ்வெண்களுக்கும் தொடர்பில்லை.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில் 'கவிதை' என எழுத ஐந்து விசைகள் வேண்டும்: க, வ, இ, த, ஐ. அவ்விசைகள் அழுந்தும்போது மூலப்பதிவில் தோன்றும் குறியெண்கள் முறையே 35, 47, 31, 38, 19. இதே எண்களை ஆங்கில அட்டவணை கொண்டு படித்தால் 'எச், வி, எஸ், எல், ஆர்' என்னும் சொல்லாகாத எழுத்துக்கோவையே கிடைக்கும். இன்ஸ்கிரிப்ட் முறை கொண்டு படித்தால் 'பநேதீ' என வரும். மூன்றுக்கும் மூலம் ஒன்றே. பொருள் தந்தது அட்டவணை. வகர விசைக்குப் பின் இகர விசை வந்தால் இரண்டையும் சேர்த்து 'வி' ஆக்குவதும் விசைப்பலகையின் செயலன்று. மேலடுக்கிலுள்ள மென்பொருளின் செயல்.

தமிழுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆங்கில எழுத்துப் பொறித்த எப்பலகையும், ஒரு பகுதியும் மாற்றப்படாமலே தமிழ்ப் பலகையாக இயலும். அட்டவணையை மாற்றும் உரிமை பயன்படுத்துவோர் கையில் இருக்கும் வரை, எந்திரம் எந்நாட்டில் செய்யப்பட்டதாயினும் மொழி நம்முடையதே.

அட்டவணை மட்டும் கையிலிருந்தால் போதுமா எனின், போதாது. சூழலும் வேண்டும். இடப்புறத்து ஷிப்ட் விசையின் எண் 42. அது அழுந்தியது முன்னே ஓரிடத்தில் பதிவாகியிருக்கும். விடுபட்டது பின்னே ஓரிடத்தில் வரும். இடையிற் புகுந்து படிப்பவர் அது அழுந்தியிருப்பதை அறியாது வேறெழுத்தாகக் கொள்வர். சுட்டியோ தான் இருக்கும் இடத்தைச் சொல்வதேயில்லை. முன்னிருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். கிடையாக நகர்ந்தது ஒரு பதிவு, நெடுக்காக நகர்ந்தது மற்றொரு பதிவு. இவ்விரண்டின் பின் வகை, குறியெண், மதிப்பு மூன்றும் சுழியமான ஒரு பதிவு வரும். அதுவரை வந்தவை யாவும் ஒரே அசைவு என்பதற்கு அதுவே முற்றுப்புள்ளி. அதனைக் கருதாதவர் ஒரு சாய்ந்த கோட்டை இரண்டு தனிக்கோடுகளாகக் காண்பர்.

மற்றொன்று சிறப்பாக நோக்கத்தக்கது. படிக்கும் நிரல் தாமதித்தால் சில நிகழ்வுகள் இழக்கப்படலாம். அப்போது லினக்சின் கரு அவ்விழப்பை மறைப்பதில்லை. வகை 0, குறியெண் 3 என ஒரு பதிவை இட்டு, இங்கே விடுபாடு உண்டு என அறிவிக்கிறது. நேர்மையான நிரல், அடுத்த முற்றுப்புள்ளி வரையுள்ளவற்றைத் தள்ளி, கருவியின் இன்றைய நிலையைக் கேட்டறிந்து மேலே படிக்கும். ஊகத்தால் இடைவெளியை நிரப்பாது. 1904இல் உ.வே. சாமிநாதையர் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை. எட்டுப் பத்துகளே அச்சேறின. கிடைக்காததைக் கிடைக்காதது என விடுவது பதிப்பறம். எந்திரத்திற்கும் அவ்வறம் வகுக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இறுதியாக, கவிஞர்கள் கருதவேண்டிய ஓர் எச்சரிக்கை. இம்மூலக்கோப்பில் கவிதை மட்டுமன்று, கடவுச்சொல்லும் பதிவாகக் கடந்து செல்கிறது. அழிவிசையின் எண் 14. திரையில் அழிந்த சொல், மூலத்தைப் படித்துச் சேர்ப்பவரிடம் அழிவதில்லை. எழுதிய சொல்லும், அதனை அழித்த 14களும், மாற்றி எழுதிய சொல்லும் வரிசையாக நிற்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே கடந்த காலமும் நுண்ணொடிக் கணக்கில் நிற்கும். இதனாலேயே இக்கோப்புகளைப் படிக்கும் உரிமை பொதுவாக நிர்வாகிக்கும் அதற்கென அமைந்த குழுவினர்க்கும் மட்டுமே அளிக்கப்படுகிறது. அவ்வுரிமையைக் கேட்கும் மென்பொருள் எதுவாயினும் ஏன் கேட்கிறது என வினவுதல் வேண்டும். வெளியிட விரும்பாத வரியை வெளியிடாதிருப்பது கவிஞரின் உரிமை.

அவ்வாறு எவரேனும் படித்தாலும் அவர் அறிவது என்ன? இரு விசைகளுக்கிடையே நான்கு நிமிட இடைவெளி இருந்தது என்பது மூலம். அங்கே கவிஞர் தயங்கினார் என்பது உரை. அவர் கதவைத் திறக்க எழுந்து சென்றிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம். மூலம் அதைச் சொல்லாது. மூலம் எது, உரை எது எனப் பிரித்தறியும் பயிற்சி தமிழுக்குப் புதிதன்று. ஏட்டின் முன் அமர்ந்து பழகிய அந்நிதானத்தோடு இவ்வெண்களின் முன்னும் அமர்வதே இன்றைய தேவை. பத்தாண்டுகளாகப் பாடலும் உரையும் கேட்டுப் பழகிய இவ்வவைக்கு அது அரிதன்று.