இடாப்பில் நாலு தர்சினிகள்



பழைய மாணவியர் பட்டியலைத் தயாரிக்கையில் எங்களைப் பாடாய்ப்படுத்தியவர்கள் தர்சினிகள்தான். எங்கள் வகுப்பில் நாலு பேர். தமிழ் இடாப்பில் எல்லோரும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒருத்திக்கு ‘டி’, ஒருத்திக்கு ‘ரி எச்’, எண்சாத்திரம் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை ‘ஈ’.

பெற்றோர் ஆசையாய் வைத்ததுதான். பிறகு பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சாதாரண தரச் சான்றிதழில் வேறொன்று. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க அலைந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! கடவுச்சீட்டு அந்த ஒற்றை எழுத்தால் இழுபட்டு, எங்களில் ஒருத்தி தகப்பனாரின் செத்தவீட்டுக்கு வந்துசேரவில்லை.

மலரில் உங்கள் பெயரை நீங்கள் எழுதுகிறபடியே போட்டிருக்கிறோம்; இரட்டை ‘ஈ’யையும் வெட்டவில்லை. ‘டி’யில் காணாவிட்டால் ‘ரி’யில் பாருங்கள்.