விசில் அடங்கினால் விழித்துக்கொள்வோம்



தோட்டத்துக் குடும்பங்களுக்குக் காலை நேரம் என்பது பொன்னான நேரம். பொழுது விடியும் முன்பே உலை கொதிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களிலும் இந்த அவசரம் குறைந்துவிடவில்லை. இத்தனை வேலைகளுக்கிடையே நமக்குக் கைகொடுக்கும் தோழியாக இருப்பது பிரஷர் குக்கர். நேரத்தை மிச்சப்படுத்துகிறது; கேஸ் செலவையும் மிச்சப்படுத்துகிறது.

ஆனால் இந்தத் தோழியைக் கண்டு பயப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு. குக்கர் விசில் அடித்தால் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்; சில பாட்டிமார்கள் அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லை. உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது சத்தம் போடும் குக்கருக்கு அல்ல. சத்தம் போட வேண்டிய நேரத்தில் சத்தம் போடாமல் இருக்கிறதே, அந்தக் குக்கருக்குத்தான் அஞ்ச வேண்டும். அது ஏன் என்பதையும், குக்கரின் ஆவிக் குழாய் அடைபடாமல் காப்பது எப்படி என்பதையும் இன்று பார்ப்போம்.

முதலில் குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். திறந்த பானையில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் சூடு 100 டிகிரி செல்சியஸ். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற உயரமான இடங்களில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் மலையில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குக்கரில் மூடியை இறுக்கி ஆவியை அடைத்து வைக்கிறோம். உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடத் தண்ணீரின் சூடும் ஏறிச் சுமார் 120 டிகிரியைத் தொடுகிறது. கொண்டைக்கடலையும் ஆட்டிறைச்சியும் அத்தனை சீக்கிரம் மெத்தென்று வேகும் இரகசியம் இதுதான்.

இந்த ஆவியின் பலம் எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாகி வெளியே பரவினால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதை ஒரு சிறு பாத்திரத்துக்குள் அடக்கினால் அது சும்மா இருக்குமா? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ பாரத்தோடு தள்ளுகிறது. குக்கர் மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூடி முழுவதையும் 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தள்ளிக்கொண்டிருக்கிறது. 50 கிலோ அரிசி மூட்டைகள் ஆறு! இந்தப் பாரத்தைத் தாங்கும்படிதான் குக்கரைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சிய ஆவி வெளியேற வழி இருக்க வேண்டும். வழி இருக்கும் வரை பயமில்லை. வழி அடைபட்டால்தான் ஆபத்து.

இது புதிதாகத் தெரிந்துகொண்ட செய்தி அல்ல. பிரான்சில் பிறந்த டெனிஸ் பாபின் என்ற அறிஞர் 1679-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், எலும்பையும் மெத்தென்று வேக வைக்கும் ஆவிப் பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். நம் குக்கருக்கு அதுவே மூதாதை. அடைத்து வைத்த ஆவி பாத்திரத்தைப் பிளந்துவிடும் என்பதை உணர்ந்து, பாரம் வைத்த ஒரு வால்வை அதில் அவர் பொருத்தினார். அழுத்தம் மிஞ்சினால் ஆவி அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். இன்று நம் குக்கரின் தலையில் ஆடுகிற வெயிட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தோட்டத்து மக்களுக்கு ஆவியின் பலத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பல செம்பனை ஆலைகளில் பழக்குலைகளைப் பெரிய கலன்களில் அடைத்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தமுள்ள நீராவியில் அவிக்கிறார்கள். ஆலையின் பாய்லரைக் கவனிக்கத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் உண்டு. கண்டவர்கள் அதில் கை வைக்க முடியாது. நம் அடுப்பங்கரையில் இருப்பதும் ஒரு சின்ன பாய்லர்தான். அதற்குத் தனி ஆள் இல்லை. சமைக்கிறவரே அதற்குப் பொறுப்பாளர்.

சரி, குக்கரில் ஆவி வெளியேறும் வழிகள் எவை? முதலாவது, மூடியின் நடுவில் இருக்கும் சிறு குழாய். இதன் மேல்தான் வெயிட்டை வைக்கிறோம். இரண்டாவது, மூடியில் ஓர் ஓரமாக இருக்கும் பாதுகாப்பு வால்வு. பல குக்கர்களில் இதன் நடுவே ஓர் உலோகக் கலவை இருக்கும். முதல் வழி அடைபட்டாலோ, தண்ணீர் வற்றிச் சூடு மிஞ்சினாலோ, அந்தக் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். சமையல் கெட்டுப் போகும், ஆள் பிழைத்துக்கொள்வார். இவற்றோடு மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறது. ஆவி விளிம்பு வழியாகக் கசியாமல் காப்பது இதன் வேலை.

நடுவில் இருக்கும் குழாய் ஏன் அடைபடுகிறது? பருப்பு வேகும்போது நுரை பொங்குகிறது. அரிசிக் கஞ்சி பொங்குகிறது. பயற்றுத் தோலும் கடலைத் தோலும் நுரையோடு மேலே ஏறிக் குழாய்க்குள் புகுந்துகொள்கின்றன. அன்றே கழுவினால் போய்விடும். கழுவாமல் விட்டால் கஞ்சி காய்ந்து, பசை போல் இறுகிவிடும். நாளுக்கு நாள் துவாரம் சிறுத்து, ஒருநாள் முழுவதும் மூடிக்கொள்ளும்.

ஆகவே, அடைப்பு வருமுன் காப்போம். அரிசி, பருப்பு, கடலை போன்ற பொங்கும் பொருள்களைச் சமைக்கும்போது, தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இறைச்சி, கிழங்கு முதலியவற்றை மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம். விருந்தாளி வந்துவிட்டார் என்று கழுத்து வரை நிரப்புவதை விட, இரண்டு தடவையாகச் சமைப்பது மேல். பருப்போடு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். தண்ணீர் விடாமல் ஒருபோதும் குக்கரை அடுப்பில் ஏற்றக் கூடாது.

அடுத்தது, ஒவ்வொரு தடவையும் மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. மூடியை விளக்கின் பக்கமோ ஜன்னலின் பக்கமோ தூக்கிப் பிடித்து, குழாயின் துவாரம் வழியாகப் பார்க்க வேண்டும். மறுபக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. வெளிச்சம் தெரியாவிட்டாலோ, பிறை போல் கொஞ்சமே தெரிந்தாலோ, அடைப்பு இருக்கிறது. அந்த மூடியை அப்படியே போட்டுச் சமைக்கக் கூடாது.

அடைப்பை எடுப்பது எப்படி? மூடியிலிருந்து வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும். சோப்புக் கலந்த வெந்நீரில் மூடியை அரை மணி நேரம் ஊற வைத்தால் இறுகிய கஞ்சி இளகும். பிறகு துவாரத்துக்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய கம்பி ஒன்றை உட்புறத்திலிருந்து விட்டு மெதுவாகக் குத்தி எடுக்க வேண்டும். ஈர்க்குச்சியையும் தீக்குச்சியையும் விடாதீர்கள்; நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டால் அதுவே புதிய அடைப்பாகிவிடும். பெரிய ஆணியை விட்டுத் துவாரத்தை அகலப்படுத்துவதும் தவறு. கடைசியில் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா என்று பார்த்து, மறுபடியும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெயிட்டின் அடிப்பக்கக் குழியிலும் கஞ்சி ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் கழுவி உதறிவிட வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களும் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியபின், அதன் ஆவி வால்வை இதுபோலவே சுத்தம் செய்ய வேண்டும்.

இனி அடுப்பில் ஏற்றியபின் கவனிக்க வேண்டியவை. வெயிட் தனியாகக் கழன்று வரும் குக்கராக இருந்தால், மூடியவுடனே வெயிட்டை வைக்கக் கூடாது. குழாய் வழியாக ஆவி சீராக வெளிவருவதைக் கண்ணால் பார்த்தபிறகே வைக்க வேண்டும். ஆவி வருகிறது என்றால் வழி திறந்திருக்கிறது என்று குக்கரே நமக்குச் சொல்லுகிறது. அதன்பின் வருகிற ஒவ்வொரு விசிலும் அதே செய்தியைத்தான் சொல்லுகிறது.

வழக்கமான நேரம் கடந்தும் ஆவியும் வரவில்லை, விசிலும் வரவில்லை என்றால் என்ன செய்வது? காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். விளிம்பு வழியாக ஆவி கசியலாம், தண்ணீர் வற்றியிருக்கலாம், அல்லது குழாய் அடைபட்டிருக்கலாம். எந்தக் காரணமாக இருந்தாலும் முதல் வேலை அடுப்பை அணைப்பதுதான். வெயிட்டைக் கரண்டியால் தட்டக் கூடாது. குக்கரைக் குலுக்கக் கூடாது. மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, குக்கர் முழுவதும் ஆறும் வரை அப்படியே விட்டுவிட வேண்டும். சோறு தாமதமானால் ஒருவேளைப் பசி. அவசரப்பட்டால் ஆயுளுக்கும் வடு.

சமையல் சரியாக முடிந்தபிறகும் அவசரம் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்து, வெயிட்டைக் கரண்டிக் காம்பால் இலேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, விட்டுவிட வேண்டும். சத்தம் வராவிட்டாலும் மூடி இலேசாகத் திறக்காமல் முரண்டு பிடித்தால் வம்புக்கு இழுக்கக் கூடாது. குழாய் அடைபட்டிருந்தால், உள்ளே அழுத்தம் இருந்தும் வெளியே சத்தம் கேட்காது என்பதை மறந்துவிடாதீர்கள். திறக்கும்போது முகத்தை விலக்கி, மூடியை நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும்.

பாதுகாப்பு வால்வைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வால்வு போய்விட்டால், கடைக்குப் போக நேரமில்லை என்று அந்த ஓட்டையில் போல்ட்டை முறுக்கி அடைப்பதும், ஈயத்தை உருக்கி ஊற்றுவதும் மிகப் பெரிய தவறு. வீட்டின் பின்வாசலைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு முன்வாசலில் தீ மூட்டுவதற்கு ஒப்பானது அது. எந்த நிறுவனத்துக் குக்கரோ அந்த நிறுவனத்து வால்வையே கேட்டு வாங்கிப் பொருத்த வேண்டும். அதோடு, வால்வு ஏன் போயிற்று என்றும் பார்க்க வேண்டும். குழாய் அடைபட்டதா, தண்ணீர் வற்றியதா? காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ரப்பர் வளையத்தைச் சமைத்து முடித்தவுடன் கழற்றிக் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மூடியோடு இறுக்கிப் பூட்டி வைத்தால் வளையம் சீக்கிரம் தளர்ந்துவிடும். விறைத்துப் போனாலும், வெடிப்பு விட்டாலும், ஓரத்தில் ஆவி கசிந்தாலும் புதியதை வாங்கிவிட வேண்டும். வாய் நெளிந்துபோன குக்கரை, பழகிய பாத்திரமாயிற்றே என்று பார்க்காமல், ஒதுக்கிவிடுவதே நல்லது.

இவ்வளவு கவனமாக இருந்தும் யாருக்காவது ஆவி பட்டுவிட்டால், உடனே அந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். பற்பசை, கிச்சாப், எண்ணெய், மஞ்சள் எதையும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, கிளினிக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலும், காயம் பட்டது குழந்தையானாலும், சிறிதும் தாமதிக்கக் கூடாது.

நேயர்களே, நம் வீடுகளில் குக்கரை ஏற்றுகிறவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை. அம்மா வேலைக்குப் போனால் பாட்டி ஏற்றுவார். பாட்டிக்கு முடியாவிட்டால் மூத்த மகளோ மகனோ ஏற்றுவார்கள். ஆகையால் இந்த முறைகளை ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. இன்றே மூடியைக் கையில் எடுத்து, துவாரத்தின் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பது எப்படி என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள். மூடுமுன் வெளிச்சம் தெரிய வேண்டும். மூடியபின் ஆவி தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடுப்பை அணைக்க வேண்டும். இந்த மூன்றும் மனத்தில் பதிந்துவிட்டால், அடுப்பங்கரையில் விசில் சத்தம் கேட்கும்போது நமக்கு அச்சம் இராது.