மூன்று கிலோ மின்மினி



இருட்டில் மினுக்கும் மின்மினிப் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்தியில் அதன் பெயர் ஜுக்னு. இதே பெயரில் ஒரு செயற்கைக்கோளும் உண்டு. அதைச் செய்தவர்கள் மாணவர்கள்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் கான்பூர் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஐ.ஐ.டி.யில் படித்த மாணவர்கள் இதைச் செய்தார்கள். ஆசிரியர்கள் வழிகாட்டினார்கள். இஸ்ரோ நிறுவனம் துணை நின்றது.

ஜுக்னுவின் எடை 3 கிலோ. பிறந்த குழந்தையின் எடைதான். நீளம் 34 செ.மீ. அகலமும் உயரமும் 10 செ.மீ.

2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. மழை மேகங்களை ஆராயும் 1,000 கிலோ செயற்கைக்கோளை அது கொண்டு போனது. லாரியின் ஓரத்தில் வைத்த சிறு மூட்டை போல ஜுக்னுவும் கூடவே போனது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த செயற்கைக்கோளும் அதே ராக்கெட்டில் போனது.

பூமிக்கு மேலே சுமார் 860 கி.மீ. உயரத்தில் ஜுக்னுவுக்கு என்ன வேலை இருந்தது? பூமியைப் படம் பிடிக்கும் வேலை. ஆனால் அதன் கேமரா சாதாரணக் கேமரா அல்ல.

டி.வி. ரிமோட்டை அமுக்கினால் அதன் முனையிலிருந்து ஓர் ஒளி வரும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் போன்ற ஒளி சூரிய வெளிச்சத்திலும் இருக்கிறது. செழிப்பான இலை அந்த ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். வாடிய இலை குறைவாக அனுப்பும். தண்ணீர் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஜுக்னுவின் கேமரா இந்த ஒளியைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்தப் படத்தில் பசுமை வெளுப்பாகத் தெரியும். வெள்ளம் கருப்பாகத் தெரியும்.

“அப்படியானால் என் வயலில் நோய் வந்தால் ஜுக்னு சொல்லுமா?” என்று ஒரு விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லாது. இவ்வளவு சிறிய கேமராவுக்குத் தனித்தனிச் செடி தெரியாது. பயிர்ப் பரப்பைக் கணக்கிட உதவுபவை பெரிய செயற்கைக்கோள்கள். 2011 ஏப்ரலில் ஏவிய ரிசோர்ஸ்சாட்-2 அப்படிப்பட்டது. அதன் எடை சுமார் 1,200 கிலோ.

பிறகு ஜுக்னு எதற்கு? அது ஒரு பரிசோதனை. சின்னப் பெட்டிக்குள் கேமராவை அடக்க முடியுமா? சூரிய ஒளியில் கிடைக்கும் கொஞ்சம் மின்சாரம் போதுமா? மேலே போனதும் அது கீழே பேசுமா? இவற்றை அறியத்தான் அதைச் செய்தார்கள். மேலே போன பின் ஒரு திருகு கழன்றாலும் யாரும் ஏறிப்போய் முடுக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் தரையிலேயே பலமுறை சோதிக்க வேண்டும். இந்தப் பாடத்தைப் புத்தகம் மட்டும் கற்றுத் தராது. கை வைத்துச் செய்தால்தான் வரும்.

முதன்முதலில் சிலேட்டில் எழுதும்போது எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அந்த எழுத்தால் மனு எழுத முடியாது. ஆனால் அதை எழுதாமல் யாரும் மனு எழுதப் பழகியதில்லை. ஜுக்னுவும் அந்த மாணவர்களின் சிலேட்டு எழுத்துதான்.

மாலையில் மின்மினியைப் பார்த்தால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.