பாசி எடுக்கிற கைகளும் கடலின் காவலும்

(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடல் பாதுகாப்பு அமைப்புகளை நடத்துறவங்க யாருன்னு பேசச் சொல்லியிருக்காங்க. கேட்டவுடனே நம் மனசில் யார் வருகிறார்கள்? ஒரு அதிகாரி, ஒரு விஞ்ஞானி, ஒரு தொண்டு நிறுவன இயக்குநர். பாம்பன் தீவில் பாசி எடுக்கிற ஒரு அம்மா வருவாரா? வரமாட்டார். அறிவு என்றால் மேலே இருப்பது, உழைப்பு என்றால் கீழே கிடப்பது என்று நம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இந்த அரங்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் அந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2000க்குப் பிறகு கெடுபிடி இறுகியது. தண்ணியில் போட்ட கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்த பெண்கள், சட்டத்தின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள்.

அந்த வேலை என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கணும். விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, கண்ணாடி போட்டு, மூச்சை அடக்கி முங்கணும். பாறை கிழிக்கும், சொறிமீன் சுடும். அப்படி எடுத்த மரிக்கொழுந்து அகர் ஆகிறது. ஆய்வுக்கூடத்துக்கும் தின்பண்டத் தொழிலுக்கும் போகிறது. எடுத்தவருக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.

விரட்டப்பட்டபோது இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கூட்டமைப்பாகத் திரண்டார்கள். எங்கள் கடல் எங்களுக்கு என்று முழக்கம் போட்டதோடு நிற்கவில்லை, தங்களுக்குத் தாங்களே விதி போட்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது: அமாவாசைக்குப் பின் ஆறு நாள், பௌர்ணமிக்குப் பின் ஆறு நாள். பாசி வளர மிச்ச நாளை விட்டுவிடுவது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் எடுக்கணும். வேர் கிடந்தால்தான் பாசி மறுபடி தழைக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் இவர்களும் வேலையை நிறுத்துகிறார்கள். நாலு எழுத்து படிக்க வாய்ப்பில்லாதவர்கள் போட்ட திட்டம் இது. கடல் பாதுகாப்பு அமைப்பு என்பதற்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்?

"ஆயிரக்கணக்கானவங்க இறங்கினா பவளப்பாறை மிதிபடாதா?" என்று ஒரு தோழர் கேட்டார். மிதிபடும். மறுக்கவில்லை. அதனால்தான் விதி. ஆனால் மிதித்த காலை மட்டும் எண்ணாதீர்கள். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடியை எண்ணுங்கள். 2010லும் 2016லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்தது. அந்தச் சூட்டை மூட்டியது பாசி எடுக்கிற பெண்ணா? வளர்ச்சி என்று சொல்லி கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை இந்தக் கரையில் வளர்க்கத் தொடங்கியதில் ஒரு பன்னாட்டுக் குளிர்பானக் கம்பெனி முன்னால் நின்றது. 2008இல் அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்களே பதிவு செய்தார்கள். கம்பெனியை யாரும் அத்துமீறியவர் என்று சொல்லவில்லையே!

சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் விருது வேறு, உரிமை வேறு. மேடையில் ஏற்றி மாலை போடுவார்கள். முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி போடமாட்டார்கள். நாம் கேட்பது நாற்காலியை.

சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் வன நிலத்தில் சேர்த்துச் சொல்கிறது. மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள்கள் மீது சமூக உரிமையையும் பேசுகிறது. மூன்று தலைமுறை வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. கடலுக்கு இது பொருந்தாது என்று அதிகாரிகள் வாதிடக்கூடும். வாதிடட்டும். பூங்கா என்று தடுக்கும்போது கடல் வனமாம். உரிமை கேட்டால் மட்டும் வெறும் தண்ணியா?

2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு வாழணும், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அங்கே விதி எழுதும்போது கரையோரப் பெண்கள் உட்கார்ந்து எழுதினார்களா என்பதே நம் கேள்வி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அறிக்கை எழுதித் தரப் போகாதீர்கள். கிழவிகள் சொல்லும் பாசி எடுத்த இடங்களின் பெயர்களை, எந்தத் தலைமுறையில் யார் போனார் என்பதை, அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, கிராமசபையில் வையுங்கள். அந்தத் தாள்தான் நாளைக்குச் சான்று. சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.