படகு இயந்திரத்தின் வால்வுகள்: கோளாறும் பழுதுபார்த்தலும்

நமது தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் சிறு படகுகள் பல ஆற்று முகத்துவாரங்களில் கட்டிப்போடப்பட்டு வாரக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. மழை ஓய்ந்து கடலுக்குப் புறப்படும் நாளில்தான், "நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் இப்போது ஏன் இப்படித் தட்டுகிறது?" என்ற கேள்வி எழுகிறது. அந்தத் தட்டலைப் பொருட்படுத்தாமல் கரையை விட்டுப் போய், நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால், இழப்பு பட்டறைச் செலவோடு முடிவதில்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் படகு போகும். படகில் இருப்பவர்களின் உயிரே கேள்விக்குறியாகிவிடும். ஆகவே, படகின் உள்ளே பொருத்தப்படும் டீசல் இயந்திரத்தில் வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் எவ்வாறு பழுதடைகின்றன, அப்பழுதை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பதை இன்று காண்போம்.

முதலில் இவை வேலை செய்யும் முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறைந்தது இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று காற்றை உள்ளே விடுகிறது. மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றுகிறது. கேம் தண்டு சுழலும்போது அதிலுள்ள மேடு டாப்பெட்டை உயர்த்துகிறது. டாப்பெட் புஷ்ராடைத் தள்ளுகிறது. புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையை மேலே தூக்க, மறுமுனை வால்வின் தலையை அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து அதன் இருக்கையில் மூடிவிடுகிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை திறந்து மூடுகிறது. ஐந்து மணி நேரம் கடலில் ஓடினால் மூன்று லட்சம் தடவை! இவ்வளவு உழைப்பும் ஒரு மெல்லிய தகட்டின் கனமேயுள்ள இடைவெளியை நம்பி நடக்கிறது.

அது என்ன இடைவெளி? சூட்டில் உலோகம் நீளும். நீண்டாலும் வால்வு முழுமையாக மூட வேண்டும் என்பதற்காக, ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே சிறிது இடம் விட்டிருப்பார்கள். சிறிய டீசல் இயந்திரங்கள் பலவற்றில் இது 0.2 மில்லிமீட்டருக்கும் 0.4 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. சரியான அளவையும், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அளப்பதா சூடாக இருக்கும்போது அளப்பதா என்பதையும், அந்த இயந்திரத்தின் கையேடுதான் சொல்லும். பக்கத்துப் படகின் அளவு நம் படகுக்குப் பொருந்தாது.

இடைவெளி கூடிவிட்டால் 'டிக், டிக்' என்று தட்டும். கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், இந்தத் தட்டல் இயந்திர வேகத்தில் பாதியாகவே கேட்கும். நீண்ட திருப்புளியின் நுனியை ராக்கர் மூடியின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதருகே கொண்டுசென்றால், எந்தச் சிலிண்டரின் பக்கம் ஓசை மிகுதி என்று தெரிந்துவிடும். சுழலும் பட்டையிலும் சக்கரத்திலும் சட்டையோ கையோ படாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி குறைந்துவிட்டாலோ சத்தமே இராது! இதுதான் பெரிய ஆபத்து. நாளாக ஆக வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்குவதால் இடைவெளி தானாகவே சுருங்குவதுண்டு. அப்போது வால்வு முழுமையாக மூடாது. புகை வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையின் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. இருக்கையில் பதியாத வால்வு சூடேறிக் கருகி, விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். காலையில் கிளம்ப மறுப்பது, கிளம்பியதும் வெண்புகை கக்குவது, சுமை ஏறும்போது இழுவை குறைவது ஆகியவை அதன் அறிகுறிகள். முன்பைவிட அமைதியாக ஓடுகிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

சரி, கோளாறு எந்தச் சிலிண்டரில் என்று காண்பது எப்படி? சாதாரண இயந்திரப் பம்பு உள்ள பழைய வகை டீசல்களில், இயந்திரம் மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் மரையை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தலாம். தளர்த்தியதும் வேகம் விழுந்தால் அச்சிலிண்டர் நன்றாக உழைக்கிறது. விழாவிட்டால் கோளாறு அங்கேதான். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் செல்லக்கூடியது. ஆகவே கந்தல் துணியால் மூடி, கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். மின்னணு முறையில் இயங்கும் புதிய காமன் ரெயில் இயந்திரங்களில் இதை ஒருபோதும் செய்யலாகாது. அவற்றின் அழுத்தம் உயிரைப் போக்கக்கூடியது.

அடுத்த சோதனை காற்றைக் கொண்டு செய்வது. சந்தேகத்துக்குரிய சிலிண்டரின் பிஸ்டனை, இரு வால்வுகளும் மூடியிருக்கும் மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்றை அழுத்த வேண்டும். காற்று எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். காற்று வடிகட்டியில் சீறினால் உள்வால்வு கசிகிறது. புகைக்குழாயில் சீறினால் புகை வால்வு கசிகிறது. எண்ணெய் ஊற்றும் துளையில் சீறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் தலை காஸ்கெட் பழுது. ஒரே சோதனையில் நான்கு விடைகள்!

இனி ராக்கர் மூடியைத் திறப்போம். இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, எல்லா ராக்கர்களும் ஒரே அளவு எழுந்து இறங்குகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக அசைந்தால் கேம் மேடு தேய்ந்திருக்கலாம். ஒரு வால்வின் தண்டு மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் அது திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு புஷ்ராட் தளர்ந்து ஆடினால் அதை உருவி, கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தள்ளாடும்.

இங்கேதான் பலரும் வழிதவறுகிறார்கள். வளைந்த புஷ்ராடை நிமிர்த்தியோ புதியது வாங்கியோ போட்டு மூடிவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் அதுவும் வளைகிறது. புஷ்ராட் தானாக வளைவதில்லை, நேயர்களே! அசைய மறுக்கும் வால்வைக் கேம் தண்டு விடாமல் தள்ளும்போதுதான் இடையில் நிற்கும் மெல்லிய கம்பி பலியாகிறது. ஆகவே வால்வு ஏன் அசையவில்லை என்று கேட்க வேண்டும்.

படகைப் பொறுத்தவரை விடை பெரும்பாலும் தண்ணீரே. கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றும் படகுகளில், கிளம்பாத இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரால் சுற்றினால், பம்பு நீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதை ஊதித் தள்ளப் புகையோ இராது. தேங்கிய நீர் புகை வால்வு வழியாக உள்ளே ஏறிவிடும். இயந்திரம் நீர்மட்டத்திற்குக் கீழே இருந்து, நீர் பின்னிழுப்பைத் தடுக்கும் வால்வு அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். புகைக்குழாய் வானை நோக்கி நிற்கும் படகுகளில் மழையே போதும். உப்பு நீர் பட்ட தண்டு துருப்பிடித்துத் தன் குழலில் இறுகிவிடுகிறது.

நீர் புகுந்தது தெரிந்தால் மணிக்கணக்கு முக்கியம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட வேண்டும். பாற்குழம்பு நிறமாகிவிட்ட எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும். நீர் வந்த வழியை அடைத்த பின், கூடிய விரைவில் ஓட்டிச் சூடாக்கி, எண்ணெயை மறுபடியும் மாற்ற வேண்டும்.

இலேசாக ஒட்டிய வால்வை விடுவிக்க, துரு நீக்கும் எண்ணெயைத் தண்டின்மேல் விட்டு ஊறவிட வேண்டும். பின்பு அச்சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, மரச்சுத்தியலால் வால்வுத் தலையை மெல்லத் தட்டலாம். பிஸ்டன் மேலே இருக்கும்போது தட்டினால் வால்வு அதன்மேல் மோதும். பல முறை தட்டியும் ஸ்பிரிங் அதைச் சட்டென்று திருப்பி எழுப்பாவிட்டால், சிலிண்டர் தலையைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தலையைக் கழற்றிய பின், வால்வின் முகத்தையும் இருக்கையையும் பாருங்கள். மேலோட்டமான புள்ளிகள் என்றால், அரைக்கும் பசையைத் தடவி, வால்வை இருபுறமும் மாறி மாறித் திருப்பி, இடையிடையே தூக்கி வைத்து அரைக்க வேண்டும். முதலில் கரடான பசை, பிறகு நயமான பசை. சுற்றிலும் முறிவின்றி ஒரே அகலமுள்ள சாம்பல் நிற வளையம் தெரிந்தால் போதும். பசை ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். மிஞ்சினால் அதுவே இயந்திரத்தை அரைத்துவிடும். வால்வுகளைப் பொருத்தி, காற்றுப் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் பாருங்கள். மறுபுறம் கசியாவிட்டால் வேலை செம்மை. விளிம்பு கருகிய வால்வையும், தண்டு ஆடும் அளவு தேய்ந்த குழலையும் மாற்றியே ஆக வேண்டும்.

இறுதியாக இடைவெளியைச் சரிசெய்வது. தலையின் போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். நான்கு சிலிண்டர் இயந்திரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒருசேர அசையும் நிலையில், ஒன்று மூடுவதும் மற்றொன்று திறப்பதுமாக இருக்கையில், முதல் சிலிண்டரைச் சரிசெய்யலாம். மூன்றாவது அசைந்தால் இரண்டாவது. இப்படியே மாற்றி மாற்றிக் கூட்டினால் எப்போதும் ஐந்து! பீலர் கேஜ் தகடு சற்றே பிடித்தபடி நழுவ வேண்டும். பூட்டு மரையை இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு.

இவ்வளவு தொல்லையையும் தவிர்க்க வழி உண்டா? உண்டு. பருவமழைக் காலத்தில் படகு கட்டிக் கிடந்தாலும், வாரம் ஒருமுறை இயந்திரத்தை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். இயலாவிட்டால் சில சுற்றுகள் கையாலேனும் சுற்றிவிடுங்கள். மேல்நோக்கிய புகைக்குழாயை மூடி வையுங்கள். கிளப்புமுன் மூடியை எடுக்க மறவாதீர்கள். கிளம்பாத இயந்திரத்தை நெடுநேரம் சுற்ற நேர்ந்தால் கடல்நீர்க் குழாயை அடைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய உடனே திறந்துவிடுங்கள். கையேடு கூறும் மணிக்கணக்குப்படி இடைவெளியை அளந்து, ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எந்த வால்வின் அளவு ஒவ்வொரு முறையும் சுருங்கி வருகிறது என்பதை அந்தக் குறிப்பேடே காட்டிக்கொடுக்கும். கரையில் செலவிடும் அரைநாள், கடலில் படகு திரும்பி வருவதை உறுதிசெய்கிறது என்பதை மனத்தில் கொள்வோம்.