தீவுப் பறவைகளைக் காணப் புறப்படுவோர்க்கு

திணைக்குரிய கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக எண்ணியது தொல்காப்பியம். ஒரு நிலத்தை அறிய விழைவோர் அந்நிலத்துப் பறவையையும் அறிதல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. வெள்ளிமலையில் வாழும் இலக்கிய அன்பர்கள் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குப் பறவை காணச் செல்வதாயின், அப்பயணத்தை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் காலம். அத்தீவுகளில் இரு பருவமழைகளும் பெய்கின்றன. மே மாத நடுவில் தொடங்கும் மழை, இடைவெளி சிறிதே விட்டு, ஆண்டின் இறுதியை நெருங்கும்வரை நீடிக்கும். ஆகவே தை பிறந்தது முதல் பங்குனி முடியும்வரை செல்வதே நன்று. அடுத்து வழி. மலைச்சாலையில் கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி வழியாகச் சென்னை சேர வேண்டும். அங்கிருந்து 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கி.மீ. விமானம் இரண்டரை மணி நேரத்திற்குள் கொண்டு சேர்க்கும். கப்பலுக்கு மூன்று நாள் வேண்டும். பொழுதுள்ளவர்க்குக் கப்பலே ஏற்றது. நிலம் கண்ணுக்கு மறைந்தபின் கடந்துசெல்லும் நீரின் பரப்பைக் கண்டால்தான், தீவுப் பறவை ஏன் தனித்த பறவையாயிற்று என்பது விளங்கும்.

அத்தனிமையை உணர்வதற்கான பயிற்சி வெள்ளிமலையிலேயே தொடங்கலாம். கல்வராயன் காட்டோரங்களில் திரியும் செம்போத்தின் உடல் கருமை, சிறகு செம்பழுப்பு. அந்தமான் செம்போத்துக்கும் சிறகு அதே செம்பழுப்புத்தான். உடலோ வெளிறிய மண்நிறம். இங்குள்ள வால்காக்கைக்கும் கரிச்சானுக்கும் அங்கே வேற்றுருக் கொண்ட உறவினர் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அத்தீவுக் கூட்டத்தில் வாழ்கின்றன. வீட்டருகே உள்ளதை நன்கு பார்த்தவர்க்கே அவற்றின் வேறுபாடு புலப்படும். புறப்படுவதற்கு முன் ஒரு திங்கள் காலையும் மாலையும் மலைப்பாதையில் நடந்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் குறித்து வருவது, எத்தனை நூல்களைப் படிப்பதற்கும் மேலான ஆயத்தம்.

காணத்தக்க இடங்கள் நகருக்கு அருகிலேயே உள்ளன. தெற்கு அந்தமானின் தென்கோடியிலுள்ள சிடியா தாப்பு, பெயரிலேயே பறவையைச் சுமந்த ஊர். அங்கே பகலில் காட்டுப் புறாக்களும், அந்தி மயங்கிய பின் ஆந்தைகளும் பக்கிகளும் குரல் கொடுக்கும். சிப்பிகாட் என்னும் இடத்தில் 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது தரை தாழ்ந்து, வயல்களில் கடல்நீர் புகுந்தது. உழவர் இழந்த அந்நிலம் இன்று அந்தமான் கிளுவைக்குப் புகலிடமாகியுள்ளது. ஒருவர் இழப்பின்மேல் மற்றோருயிர் வாழும் அக்காட்சியை மகிழ்ச்சி என்பதா, துயரம் என்பதா? கவிஞர் சிந்திக்க வேண்டிய இடம் அது.

இனிச் செல்லத்தகாத இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே நார்கொண்டம் என்னும் எரிமலைத் தீவு தனித்து நிற்கிறது. பரப்பு ஏறத்தாழ 7 சதுர கி.மீ. மட்டுமே. அத்தீவுக்குரிய இருவாட்சிக்கு உலகில் வேறு இருப்பிடம் இல்லை. பெட்டை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு வழியே சேவல் கனி கொணர்ந்து ஊட்டும். சேவல் திரும்பாவிடில் பொந்துக்குள் இருக்கும் உயிர்கள் என்னாகும்? இந்தச் சிறு தீவில் காவல் நிலையத்தாரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்தன. நாளைய கனிமரம் நாற்றிலேயே அழிந்தது. பின்னரே ஆடுகள் அகற்றப்பட்டன. கேடு நினைத்து எவரும் ஆடு கொண்டுவரவில்லை என்பதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும்.

நிக்கோபாரிலோ, மணலும் சருகும் குவித்த மேட்டில் முட்டையைப் புதைத்து, அம்மேட்டின் வெம்மையாலேயே குஞ்சு பொரிக்க விடும் மெகாபோடு என்னும் பறவை உண்டு. அதன் மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியவை. 2004 ஆழிப்பேரலை அவற்றுள் மிகப் பலவற்றை வாரிச் சென்றது. அக்கரைகள் பழங்குடி மக்களின் வாழிடமும் ஆகும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஒதுக்கப்பட்ட பகுதிகளில் உரிய அனுமதியின்றி வெளியார் நுழைவதைத் தடுக்கிறது.

தடையைக் கண்டு மனம் சோர்வோர் உண்டு. ஆனால் வெள்ளிமலையார்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து மேகம் அருவி காண வருவோர் பலர். வந்தவர் குளித்து மகிழ்ந்து போன பிறகு, பாறையிடுக்கில் எஞ்சுவது எதுவென்று மலையூரார் அறிவர். பிறர் வந்து பார்க்கும் ஊரில் வாழ்பவர்க்கே, பிற ஊருக்குச் செல்லும் முறை நன்கு தெரியும். எந்த வீட்டிலும் விருந்தினர்க்குத் திண்ணை உண்டு. அவர் நுழையாத உள்வீடும் உண்டு. சிடியா தாப்பும் சிப்பிகாட்டும் திண்ணை, நார்கொண்டம் உள்வீடு.

திண்ணையிலும் ஒழுக்கம் தேவை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பது சிலரிடம் வழக்கமாகிவிட்டது. எதிரி வந்ததென்று எண்ணிக் கூட்டை விட்டுப் பறந்துவரும் பறவைக்கு, அது வீண் போர். அழைக்காமல் காத்திருந்து, வந்ததைக் கண்டு, வராததை விட்டுத் திரும்புவதே முறை.

கவிஞர்க்கு இது புதிய நெறியன்று. சொல்லாமல் விட்டதிலும் பொருள் தங்கும் என்பதை இறைச்சி என்னும் இலக்கணம் முன்பே கற்பித்திருக்கிறது. ஆகவே பயணக் குறிப்பேட்டில் இரண்டு பட்டியல்கள் இருக்கட்டும்: ஒன்று காண வேண்டியவை, மற்றொன்று காணாமல் விட வேண்டியவை. இரண்டாம் பட்டியலின் தலையில் நார்கொண்டத்து இருவாட்சியின் பெயரை எழுதிவிட்டு, கச்சிராயபாளையத்துக்கு மலையிறங்கலாம். அப்பறவையைப் பற்றி ஒரு கவிதை எழுத, அது அங்கே இருக்கிறது என்பதே போதும்.