லிங்கன் மகனும் எங்கள் தம்பியும்
(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

பௌதிகம் படித்து, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். என்னிடம் ஆவிகள் பேசும் நாவலைக் கொடுத்தவள் என் பேத்தி. ஜார்ஜ் சாண்டர்ஸ் எழுதிய ‘லிங்கன் இன் தி பார்டோ’. 2017ல் புக்கர் பரிசு பெற்றது.

நிஜத்தில் நடந்தது இது. 1862 பிப்ரவரி 5 அன்று ஆபிரகாம் லிங்கன் வெள்ளை மாளிகையில் பெரிய விருந்து கொடுத்தார். மாடியில் பதினொரு வயது மகன் வில்லி ஜுரத்தில் கிடந்தான். டைபாய்டு என்பார்கள். 20ந் தேதி போய்விட்டான். ஜார்ஜ்டவுன் ஓக் ஹில் மயானத்தில், வேறொரு குடும்பத்தின் கல்லறையில், இரவல் இடத்தில் வைத்தார்கள். லிங்கன் அங்கே போய் வந்ததாகச் சொல்வார்கள். மீதி கற்பனை. அங்குள்ள ஆவிகளே கதை சொல்கின்றன. தாங்கள் இறந்ததை அவை ஒப்புக்கொள்வதில்லை. பார்டோ என்பது திபெத்திய பௌத்தத்தில் மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலை. பத்து நாள் பிண்டம் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இடித்தது வேறு. இடையிடையே பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் வருகின்றன. சில நிஜம், சில ஆசிரியர் இட்டுக்கட்டியவை. எது எதென்று சொல்வதில்லை! கோப்பில் இப்படிச் செய்தால் சார்ஜ் மெமோதான். விருந்து இரவில் முழுநிலா என்கிறார் ஒருவர்; நிலாவே இல்லை என்கிறார் இன்னொருவர். பொறுக்காமல் 29.53 நாள் கணக்கில் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். வளர்பிறை, சப்தமியை ஒட்டி. ஏறக்குறைய அரை நிலா. பெருமையாகப் பேத்தியிடம் காட்டினேன். "தாத்தா, அன்னிக்கு யாரு வானத்தைப் பார்த்தா?" என்றாள்.

1959ல் என் தம்பி டைபாய்டில் போனான். அன்று மழை என்பேன் நான். வெயில் கொளுத்தியது என்று அக்கா இன்றும் சாதிக்கிறாள்.

நாவலில் வில்லி அங்கிருந்து போக மறுக்கிறான். திரும்பி வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார் அல்லவா? லிங்கன் வந்து, பெட்டியைத் திறந்து, பிள்ளையை மடியில் கிடத்திக்கொள்கிறார். அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை. எங்கள் தம்பிக்குப் பூணூல் ஆகவில்லை. மூன்று நாள் தீட்டுத்தான். நாலாம் நாள் அப்பா ஆபீஸ் போனார். லிங்கனுக்குத் திரும்பிப் போக ஓர் இடமாவது இருந்தது. அந்த மாதம் முழுவதும் அப்பா ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்தார். எங்கே போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

புத்தகத்தைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். முதல் முப்பது பக்கம் குழப்பும், விட்டுவிடாதீர்கள்.